‘ரெண்டு நாள்ல மறந்துடும்’: ஒரு முதல் சந்திப்பும் நான் சொன்ன தப்பான ஆறுதலும்

2006-ல் நான் ஆன்சைட் வேலையாக அமெரிக்காவில், மினசோட்டா மாநிலத்தில் இருந்தேன். எங்கள் டீமில் டெஸ்டிங் பார்த்துக்கொண்டிருந்த ஓர் அமெரிக்கப் பெண்மணி, கணவரோடு மூன்று வாரம் லீவு போட்டுவிட்டு சீனாவுக்குப் போனார். திரும்பி வரும்போது தத்தெடுத்த பெண் குழந்தையோடு வந்தார். வயது 14 மாதம்.

கொஞ்ச நாள் கழித்து ஆபீஸில் மதியச் சாப்பாட்டு நேரத்தில், குழந்தையை முதன்முதலாகக் கையில் வாங்கிய வீடியோவை லேப்டாப்பில் காட்டினார். ஒரு நிமிடம்கூட இருக்காது. அரசாங்க ஆபீஸ் மாதிரி ஓர் அறை, ட்யூப்லைட், நீள சோபா. ஒரு சீனப் பெண், மூன்று நான்கு அடுக்கு உடுப்பு போட்ட குழந்தையைத் தூக்கிக்கொண்டு வருகிறார். பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். குழந்தை கை மாறுகிறது. புதிய அம்மாவின் முகத்தை ஒரு விநாடி பார்க்கிறது. அடுத்த விநாடி உடம்பை வில்லாக வளைத்து அலறல். இரண்டு கையும் அந்தச் சீனப் பெண்ணை நோக்கி நீள்கின்றன. அவர் திரும்பிப் பார்க்காமல் வெளியே போகிறார். கதவு சாத்தப்படுகிறது. வீடியோ முடிந்தது.

சுற்றி நின்றவர்கள் எல்லாம் வாழ்த்துச் சொன்னார்கள். அவர் சிரித்துக்கொண்டேதான் சொன்னார்: “ஒன்றரை வருஷம் காத்திருந்தேன். என்னை அவள் பிள்ளை பிடிக்க வந்தவளைப் பார்க்கிற மாதிரி பார்த்தாள்.” கண் கலங்கியிருந்தது. எனக்கு அப்போது இருபத்தைந்து வயது, கல்யாணம்கூட ஆகவில்லை. ஊரில் பெரியவர்கள் சொல்வதை அப்படியே ஆங்கிலத்தில் சொன்னேன். “சின்னக் குழந்தைதானே, அதுக்கு என்ன தெரியும்? ரெண்டு நாள்ல மறந்துடும்.” அவர் பதில் சொல்லாமல் லேப்டாப்பை மூடிவிட்டார்.

ஏழு வருஷம் கழித்து, ஐந்து மாத ஆன்சைட் முடிந்து ஊருக்கு வந்தபோது, என் சொந்த மகள் என்னைப் பார்த்து வீரிட்டுக்கொண்டு பாட்டியின் தோளில் முகத்தைப் புதைத்தாள். அவளுக்கும் அப்போது 15 மாதம். ஸ்கைப்பில் தினமும் பார்த்த அப்பாதான். நேரில் நின்ற ஆள் அவளுக்கு அந்நியன். அன்றைக்குத்தான் அந்த வீடியோ ஞாபகம் வந்தது. என் மகளுக்காவது போய்ப் புதைக்க ஒரு தோள் இருந்தது.

நான் உளவியல் படித்தவன் இல்லை. புரோகிராம் எழுதிப் பிழைக்கிறவன். ஆனால் அந்தக் கேள்வி விடவில்லை. அந்த நேரத்தில் குழந்தைக்கு உண்மையில் என்ன நடக்கிறது? ‘மறந்துடும்’ என்பது சரியா? கிடைத்ததையெல்லாம் படித்து வைத்த குறிப்புகளைத் தொகுத்திருக்கிறேன்.

அந்த அறைக்கு எப்படி வந்தார்கள்

சீனாவில் ஒரு குழந்தைக் கொள்கை 1980 வாக்கில் நாடு முழுக்க நடைமுறைக்கு வந்தது. ஆண் வாரிசு வேண்டும் என்ற எண்ணமும் இந்தக் கட்டுப்பாடும் சேர்ந்ததில், பெண் குழந்தைகளும் உடல் குறைபாடுள்ள குழந்தைகளும் சந்தையிலும், ஆஸ்பத்திரி வாசலிலும், விடுதி வாசலிலும் விடப்பட்டார்கள். 1992 ஏப்ரலில் சீனாவின் தத்தெடுப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. வெளிநாட்டவர் தத்தெடுக்க வழி பிறந்தது. அதன்பிறகு 1,50,000-க்கும் அதிகமான குழந்தைகள் வெளிநாடுகளுக்குப் போனார்கள். அதில் பாதிக்கு மேல் அமெரிக்காவுக்கு. உச்சம் 2005-ல். அந்த ஒரே வருஷத்தில் சுமார் 7,900 குழந்தைகள் சீனாவிலிருந்து அமெரிக்கா போனார்கள்.

இதில் இருண்ட பக்கமும் உண்டு. 2005-ல் ஹுனான் மாகாணத்தில், குழந்தைகளைக் காசு கொடுத்து வாங்கிக் காப்பகங்களுக்குக் கைமாற்றிய கும்பல் பிடிபட்டது. எந்தக் குழந்தை உண்மையிலேயே கைவிடப்பட்டது, எது விலைக்கு வாங்கப்பட்டது என்ற சந்தேகம் பல குடும்பங்களுக்கு இன்றும் தீரவில்லை. அது தனிக் கட்டுரைக்கான விஷயம்.

நடைமுறை அப்போது இப்படி இருந்தது. பெற்றோர் ஆக விரும்புகிறவர்களின் கோப்பு பெய்ஜிங்கில் உள்ள மத்திய அலுவலகத்துக்குப் போகும். அங்கே யாருக்கு எந்தக் குழந்தை என்று முடிவாகும். ஒன்றிரண்டு போட்டோவும் சில பக்க மருத்துவக் குறிப்பும் பெற்றோருக்கு வரும். பெரும்பாலும் பிறந்த தேதியே மதிப்பீடுதான். பெயர் காப்பகம் வைத்தது. ஒரே காப்பகத்துக் குழந்தைகள் எல்லாருக்கும் ஒரே குடும்பப் பெயர் இருப்பதும் உண்டு.

பெற்றோர் அந்த மாகாணத் தலைநகருக்குப் போவார்கள். அங்கே அரசு அலுவலகத்திலோ ஹோட்டலிலோ குழந்தையைக் கையில் கொடுப்பார்கள். பல நேரம் ஒரே அறையில் ஐந்தாறு குடும்பங்கள், ஐந்தாறு குழந்தைகள், எல்லாம் ஒரே சமயத்தில் அழும். ஒரு நாள் பழகிப் பார்க்க அவகாசம். மறுநாள் கையெழுத்து. குழந்தைக்குச் சீன பாஸ்போர்ட் கிடைக்க ஒரு வாரம் பத்து நாள் ஆகும். பிறகு அமெரிக்கர்கள் எல்லாரும் குவாங்ஜோ நகருக்குப் போக வேண்டும். தத்துக் குழந்தைகளுக்கான விசா அங்கிருந்த அமெரிக்கத் துணைத் தூதரகத்தில்தான் கிடைக்கும். அதனாலேயே அங்கே ஷாமியன் தீவில் உள்ள ஒயிட் ஸ்வான் ஹோட்டல், தத்தெடுத்தவர்கள் கூடும் இடமாக ஆகிவிட்டது. சீனக் குழந்தையைக் கையில் ஏந்திய வெள்ளைக்கார பார்பி பொம்மையை அங்கே தங்கிய குடும்பங்களுக்குப் பரிசாகக் கொடுப்பார்கள். ஹோட்டலின் சிவப்பு சோபாவில் குழந்தைகளை வரிசையாக உட்கார வைத்துப் போட்டோ எடுப்பது ஒரு சடங்காகவே ஆனது.

இந்த ஏற்பாடு முழுவதும் பெரியவர்களுக்கு ஒரு வரிசையாகத் தெரிகிறது: விண்ணப்பம், காத்திருப்பு, போட்டோ, பயணம், சந்திப்பு. குழந்தைக்கு இதில் முதல் நான்கும் கிடையாது. நேராக ஐந்தாவதுதான்.

குழந்தையின் பக்கத்திலிருந்து

ஏழெட்டு மாதத்தில் குழந்தை தெரியாத முகத்தைப் பார்த்து மிரள ஆரம்பிக்கிறது. அதுவரை எல்லாரையும் பார்த்துச் சிரித்த குழந்தை திடீரென்று மாமாவைப் பார்த்து அழுவது இதனால்தான். ஏறக்குறைய அதே காலத்தில், கண்ணுக்குத் தெரியாத பொருளும் எங்கோ இருக்கிறது என்ற அறிவும் வருகிறது. பந்தைத் துணிக்குள் ஒளித்தால் துணியை விலக்கித் தேடும். ஆளுக்கும் இது பொருந்தும். போனவரைத் தேடத் தெரியும்.

தேடத் தெரியும், ஆனால் காரணம் கேட்கத் தெரியாது. ‘நாளைக்கு’ என்பதும் ‘இனிமேல் இவங்கதான் அம்மா’ என்பதும் அதற்குப் புரியாது. ஒரே மணி நேரத்தில் முகம், மொழி, வாசனை, சாப்பாடு, படுக்கை எல்லாம் மாறிவிடுகின்றன. பெரியவர்களுக்கு இது நடந்தால் கடத்தல் என்றுதான் சொல்வோம். என் சக ஊழியர் சொன்ன உவமை வேடிக்கையாகத் தோன்றினாலும் குழந்தையின் நிலையில் அதுதான் நிஜம்.

இதை முதலில் கண்ணால் பார்த்துப் பதிவு செய்தவர்களில் முக்கியமானவர் பிரிட்டனைச் சேர்ந்த ஜேம்ஸ் ராபர்ட்சன். அந்தக் காலத்தில் ஆஸ்பத்திரியில் சேர்த்த குழந்தைகளைப் பெற்றோர் பார்ப்பதற்குக் கடுமையான கட்டுப்பாடு. வந்தால் அழும், வராவிட்டால் சமர்த்தாக இருக்கும் என்பது ஆஸ்பத்திரிகளின் வாதம். இரண்டரை வயதை நெருங்கிய ஒரு சிறுமி எட்டு நாள் ஆஸ்பத்திரியில் இருந்ததை ராபர்ட்சன் 1952-ல் படமாக்கிக் காட்டினார். அவரும் ஜான் பௌல்பியும் பிரிவில் மூன்று கட்டங்களை விவரித்தார்கள். முதலில் எதிர்ப்பு: அழுகை, அலறல், கதவைப் பார்ப்பது. அடுத்து துவண்டுபோவது: சத்தம் குறையும், சாப்பாடு இறங்காது. மூன்றாவது விலகல்: குழந்தை சிரிக்கும், விளையாடும், தேறிவிட்ட மாதிரி இருக்கும். ஆனால் அம்மா வந்தால் கண்டுகொள்ளாது. ஆஸ்பத்திரிக்காரர்கள் ‘செட் ஆகிவிட்டது’ என்று சொன்னது இந்த மூன்றாவது கட்டத்தைத்தான்.

ஜேம்ஸும் மனைவி ஜாய்ஸும் பிறகு 17 மாதக் குழந்தை ஒன்றைப் படமெடுத்தார்கள். அம்மா அடுத்த பிரசவத்துக்குப் போனபோது ஒன்பது நாள் காப்பகத்தில் விடப்பட்ட குழந்தை. முதலில் ஒவ்வொரு நர்ஸாகப் போய் ஒட்டப் பார்க்கிறான். ஷிஃப்ட் மாறிக்கொண்டே இருக்கிறது. யாரும் நிலைக்கவில்லை. கடைசியில் ஒரு பெரிய கரடி பொம்மையைக் கட்டிக்கொண்டு படுத்துவிடுகிறான். அம்மா வந்து தூக்கும்போது திமிறுகிறான். அதே தம்பதி, அதே மாதிரிப் பிரிவில் இருந்த நான்கு குழந்தைகளைத் தங்கள் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டபோது, அவர்கள் இந்த அளவுக்கு உடையவில்லை. முழு நேரமும் ஒரே ஆள் கவனித்ததுதான் முக்கிய வித்தியாசம்.

சமர்த்துக் குழந்தையும் யாரிடமும் போகும் குழந்தையும்

நம் வீடுகளில் குழந்தைக்குக் கிடைக்கும் பெரிய பாராட்டு இரண்டு. “அழவே அழாது, அவ்ளோ சமர்த்து.” “யார்கிட்ட வேணா போகும்.” இரண்டையும் நானும் சொல்லியிருக்கிறேன். பாட்டி, அத்தை, சித்தி என்று நிலையான ஆட்கள் சுற்றி இருக்கும் வீட்டில் இது பெரிய விஷயமில்லை. நினைத்தால் ஓடி ஒளிய ஒரு மடி அங்கே எப்போதும் உண்டு.

காப்பகத்திலிருந்து வரும் குழந்தையிடம் இதே இரண்டும் வேறு அர்த்தம் தரலாம். கையில் வாங்கியதும் சத்தமே இல்லாமல், அசையாமல், எங்கோ பார்த்துக்கொண்டு இருக்கும் குழந்தையைப் பார்த்துப் பெற்றோர் நிம்மதியடைவதுண்டு. எங்கள் தொழிலில் எரர் காட்டி நிற்கிற புரோகிராமை விட, எரரே காட்டாமல் தப்பாக ஓடுகிற புரோகிராம்தான் பயம். அதுபோல, சத்தமில்லாத குழந்தை அதிர்ச்சியில் உறைந்துபோயிருக்கலாம்.

யாரிடமும் போவதைப் பற்றி நிறையத் தெரியவந்தது ருமேனியாவிலிருந்து. அங்கே சௌஷெஸ்கு ஆட்சி 1966-ல் கருக்கலைப்பைத் தடை செய்தது. 1989-ல் ஆட்சி கவிழ்ந்தபோது ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் அரசு விடுதிகளில் இருந்தார்கள். அங்கிருந்து பிரிட்டனுக்குத் தத்துப்போன 165 குழந்தைகளை மைக்கேல் ரட்டரின் குழு பெரியவர்கள் ஆகும்வரை தொடர்ந்து கவனித்தது. விடுதியில் ஆறு மாதத்துக்குக் குறைவாக இருந்தவர்கள், பிரிட்டனுக்குள்ளேயே தத்தெடுக்கப்பட்ட குழந்தைகளைப் போலவே பெரும்பாலும் தேறிவிட்டார்கள். அதற்கு மேல் இருந்தவர்களில் பலருக்குச் சில சிக்கல்கள் தங்கின. அதில் ஒன்று, முன்பின் தெரியாத ஆளோடு தயக்கமே இல்லாமல் கிளம்பிவிடுவது.

2000 வாக்கில் புகாரெஸ்டில் சார்ல்ஸ் நெல்சன், நேதன் ஃபாக்ஸ், சார்ல்ஸ் ஜீனா மூவரும் தொடங்கிய ஆய்வு இன்னும் கறாரானது. விடுதியில் இருந்த 136 குழந்தைகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியை வளர்ப்புக் குடும்பங்களில் சேர்த்தார்கள். குடும்பத்துக்குப் போனவர்கள், அதிலும் இரண்டு வயதுக்குள் போனவர்கள், வளர்ப்பவரோடு பிணைப்பை உருவாக்கிக்கொள்வதில் தெளிவான முன்னேற்றம் காட்டினார்கள்.

இதையெல்லாம் சேர்த்துப் பார்த்தபோது அந்த வீடியோ எனக்கு வேறு மாதிரித் தெரிந்தது. அந்தக் குழந்தை அலறியது என்றால், அதுவரை அவளை யாரோ ஒருவர் நன்றாகவே பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று அர்த்தம். ஒருவரோடு ஒட்டத் தெரிந்த குழந்தைக்கு, காலம் எடுத்தாலும் இன்னொருவரோடும் ஒட்ட முடியும். அன்றைக்கு அந்த அம்மாவிடம் நான் சொல்லியிருக்க வேண்டியது இதைத்தான்.

சரி, மறந்துவிடுமா?

14 மாதத்தில் நடந்ததை யாரும் பெரியவர் ஆனபின் கதையாகச் சொல்ல முடியாது. அந்த அளவில் மறதி உண்மைதான். மொழியும் போய்விடுகிறது. தத்துப்போன குழந்தைகள் சில மாதங்களில் தாய்மொழியைப் பேசுவதை நிறுத்திவிடுகிறார்கள்.

ஆனால் அழிவதில்லை. 2014-ல் மாண்ட்ரியால் நகரில் ஒரு ஆய்வு. சீனாவில் பிறந்து சராசரியாக ஒரு வயதை ஒட்டித் தத்தெடுக்கப்பட்டு, பிரெஞ்சு மட்டுமே பேசி வளர்ந்த 9 முதல் 17 வயதுச் சிறுமிகள். ஒரு சீனச் சொல்கூடத் தெரியாது. சீன மொழியில் ஒரே அசையை ஏற்ற இறக்கம் மாற்றிச் சொன்னால் பொருள் மாறும். அந்தத் தொனிகளைக் கேட்கவைத்து மூளையை ஸ்கேன் செய்தார்கள். பிரெஞ்சு மட்டும் தெரிந்த மற்ற சிறுமிகளின் மூளை அதை வெறும் ஒலியாகக் கையாண்டது. தத்துச் சிறுமிகளின் மூளை, சீனம் பேசும் சிறுமிகளின் மூளை போலவே அதை மொழியாகக் கையாண்டது.

நெதர்லாந்தில் வளர்ந்த கொரியத் தத்துப்பிள்ளைகள் பற்றிய 2017 ஆய்வு இன்னொன்று. பெரியவர்கள் ஆனபின் கொரிய ஒலிகளைச் சொல்லப் பயிற்சி கொடுத்தபோது, மற்ற டச்சுக்காரர்களை விட நன்றாகக் கற்றுக்கொண்டார்கள். ஆறு மாதத்துக்கு முன்பே கொரியாவை விட்டு வந்தவர்களும் இதில் அடக்கம். பேசவே தொடங்காத வயதில் காதில் விழுந்தது, முப்பது வருஷம் கழித்தும் எங்கோ இருந்திருக்கிறது.

ஒலிக்கே இப்படியென்றால், தூக்கி வைத்திருந்த கைகள் மட்டும் இரண்டு நாளில் போய்விடும் என்று சொல்ல எனக்கு இப்போது தைரியம் இல்லை.

இப்போது என்ன சொல்லித் தருகிறார்கள்

2008 ஏப்ரலில் ஹேக் தத்தெடுப்பு உடன்படிக்கை அமெரிக்காவில் அமலுக்கு வந்தது. அதன்படி வெளிநாட்டிலிருந்து தத்தெடுப்பவர்கள் குறைந்தது 10 மணி நேரப் பயிற்சி எடுக்க வேண்டும். அதில் வழக்கமாக வரும் ஆலோசனைகள், காரணத்தோடு:

முதல் சந்திப்பில் உடனே வாங்கி அணைத்துக்கொள்ள வேண்டாம். முடிந்தால் பழைய ஆள் பக்கத்தில் இருக்கும்போதே தரையில் உட்கார்ந்து, பொம்மையோ தின்பண்டமோ கொடுத்து, குழந்தை தானாக நெருங்கட்டும். தெரிந்தவர் நம்புகிற ஆளைக் குழந்தையும் கொஞ்சம் நம்பும்.

போட்டு வந்த உடுப்பையும் போர்வையையும் உடனே துவைக்க வேண்டாம். அழுக்காக இருக்கலாம். ஆனால் பழைய வீட்டிலிருந்து கூட வந்தது அந்த வாசனை ஒன்றுதான்.

என்ன சாப்பிட்டது, எப்படித் தூங்கும், என்ன சொல்லிக் கூப்பிடுவார்கள் என்று கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். சீனக் குழந்தைகள் பலருக்குப் பழக்கமானது நம் ஊர்க் கஞ்சி மாதிரியான அரிசிக் கஞ்சி. அதை உடனே நிறுத்தக் கூடாது.

ஊர் திரும்பியதும் சில வாரங்களுக்கு, ஊட்டுவது, குளிப்பாட்டுவது, தூங்க வைப்பது எல்லாம் பெற்றோர் மட்டுமே. பார்க்க வரும் சொந்தக்காரர்கள் பார்க்கலாம், தூக்க வேண்டாம். நம் ஊரில் இதைச் சொன்னால் சண்டைதான் வரும். ஆனால் காப்பகத்தில் ஷிஃப்டுக்கு ஒரு கை என்று பழகிய குழந்தைக்கு, பத்துக் கை மாறினால் புதிய வீடும் இன்னொரு காப்பகம்தான்.

அவர் எழுதிய பதில்

2024 செப்டம்பரில் சீனா வெளிநாட்டுத் தத்தெடுப்பை நிறுத்திவிட்டதாக அறிவித்தது. நெருங்கிய உறவினர்கள் தத்தெடுப்பது போன்ற சில விதிவிலக்குகள் மட்டும் உண்டு. அந்தச் செய்தியைப் படித்த அன்று பழைய சக ஊழியருக்கு மெயில் அனுப்பினேன். 2006-ல் நான் சொன்னதை ஞாபகப்படுத்தி, தப்பு என்று எழுதினேன். நீளமாகப் பதில் வந்தது. மகளுக்கு அப்போது பத்தொன்பது வயது. எழுத அனுமதி கேட்டுக்கொண்டேன்.

வீடியோவில் வந்த பெண் குழந்தையை வளர்த்தவர் இல்லையாம். காப்பக ஊழியர். குழந்தை பத்து மாதம் கிராமத்தில் ஒரு வளர்ப்புக் குடும்பத்தில் இருந்திருக்கிறாள். அன்று காலைதான் அங்கிருந்து வாங்கி, நான்கு மணி நேரம் பஸ்ஸில் கொண்டு வந்திருக்கிறார்கள். அதாவது ஒரே நாளில் இரண்டாவது கை மாற்றம். பஸ்ஸில் மடியில் வைத்திருந்தவர்தான் அவளுக்குத் தெரிந்த கடைசி முகம். அதைத்தான் அவள் விட மறுத்தாள். இது அவர்களுக்குத் தெரியவந்ததே பல வருஷம் கழித்து.

ஹோட்டல் அறையில் முதல் சில நாட்கள் அவள் கதவைப் பார்த்தபடியே உட்கார்ந்திருப்பாளாம். பொம்மை கொடுத்தால் வாங்கிக்கொள்வாள், கதவுப் பக்கம் திரும்பி உட்கார்ந்து விளையாடுவாள். ராத்திரியில் அப்பா தூக்கினால்தான் தூங்குவாள். அம்மாவிடம் வரமாட்டாள். ஒன்பதாம் நாள், குவாங்ஜோ ஹோட்டலில், தளர்நடை நடந்துகொண்டிருந்தவள் கட்டில் காலில் இடித்து விழுந்தாள். அழுதுகொண்டே எழுந்து, கதவைப் பார்த்தாள். பிறகு திரும்பி அம்மாவிடம் வந்தாள்.

குழந்தை அம்மாவோடு எப்படிப் பிணைந்திருக்கிறது என்று அறிய மேரி ஐன்ஸ்வொர்த் அமைத்த பரிசோதனையில் முக்கியமாகக் கவனிப்பது, பிரிவில் அழுகிறதா என்பதை விட, மறுபடி பார்க்கும்போது யாரிடம் ஆறுதல் தேடி வருகிறது, வந்தால் அடங்குகிறதா என்பதைத்தான். அவருக்கு ஐன்ஸ்வொர்த் யார் என்று அப்போது தெரியாது. ஆனால் வருஷா வருஷம் வீட்டில் கேக் வெட்டுவது, வீடியோவில் பதிவான அந்தத் தேதியில் இல்லையாம். ஒன்பது நாள் தள்ளி, அவள் விழுந்த நாளில்தானாம். மகளே கேட்டு மாற்றிக்கொண்டதாம்.